வலப்பக்கத்து ஆள்

கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்ட அன்றுதான் எனக்கு அந்த ருசி பிடித்தது என்று நினைக்கிறேன்.

நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. குருக்கள் கற்பூரத் தட்டோடு சுற்றிக்கொண்டு என் ஜன்னல் பக்கம் வந்தார். விபூதியை என் கையில் போட்டார். "மெதுவா முன்னாடி எடுங்கோம்மா, பழம் நசுங்கணும்" என்றார்.

நான் வண்டியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் ஸ்டியரிங் இல்லை. சின்னக் கதவு போட்ட ஒரு பெட்டிதான் இருந்தது. ஸ்டியரிங் இடப்பக்கத்தில், என் கணவர் உமாபதியின் முன்னால் இருந்தது. அமெரிக்க வண்டி. அங்கே எல்லாரும் ரோட்டின் வலது ஓரமாகப் போவார்களாம், அதனால் ஓட்டுகிறவரை இடப்பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். குருக்களுக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்கும் எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

"சரிங்க சாமி" என்றேன்.

அந்தப் பக்கத்தில் அவர் கியர் போட்டார். இந்தப் பக்கத்தில் நான் மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது. வாசலில் பூ விற்கும் காமாட்சியம்மாள் வாயில் கை வைத்தாள். "அடி யம்மா! நம்ம தையல்நாயகி வண்டி ஓட்றா பாருடி!"

வீட்டுக்கு வரும்வரை கைப்பையை நான் கீழே வைக்கவில்லை.

வண்டியின் பெயர் ஸ்டூடிபேக்கர் சாம்பியன், 1950. எங்கள் பேட்டையான பிள்ளையார்பாளையத்தில் அது ஒரே வாரத்தில் ‘ஸ்டூல் பேக்கரி’ ஆகிவிட்டது. முகத்தை நேரில் பார்த்த பிறகு ஜனங்கள் அதையும் மாற்றிக்கொண்டார்கள். மற்ற கார்களுக்கு முகத்தின் நடுவில் கம்பி அழி இருக்கும். இதற்குப் பழைய ஏரோப்ளேன் மாதிரி கூம்பாக ஒரு மூக்கு. அந்த மூக்கைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம். ஆகவே ‘மூக்குத்தி வண்டி’.

யாரோ ஒரு அமெரிக்க டாக்டர் கப்பலில் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. பல கை மாறி, கடைசியில் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லின் உமிக் கொட்டகையில் முப்பது வருஷம் கிடந்தது. மில்காரர் மகள் கல்யாணத்துக்கு எங்கள் தறியில் நெய்த புடவையைக் கொடுக்கப்போன இவர், உமிக் குவியலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூக்கைப் பார்த்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தபோது இவர் முகமே சரியில்லை. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தார். இருபது வருஷத்தில் அந்த முகத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று. எனவே எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. "இன்னா ஆச்சு, யாரு அவ?" என்று கேட்டேன்.

"ஆறு சிலிண்டரு" என்றார்.

செவிலிமேட்டில் கிறிஸ்டோபரின் ஷெட்டில் வண்டி இரண்டு வருஷம் இருந்தது. கிறிஸ்டோபருக்கு நாற்பது வயது. எந்த எஞ்சினையும் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். எங்கள் மகள் கீர்த்தி ஏனாத்தூர் காலேஜில் படிக்கிறாள். அமெரிக்காவிலிருந்து பாகங்களை போனில் தேடி வரவழைப்பது அவள் வேலை. பிரேக் புதிதானது, கார்புரேட்டர் புதிதானது, துருப்பிடித்த தரைக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்தாயிற்று. உமி மட்டும் போகவில்லை. கதவைத் திறந்தால் கொட்டியது. கழுவிய பிறகும் கொட்டியது. மயில்கழுத்து நிறத்தில் பெயிண்ட் அடித்து முடித்த பிறகும், பள்ளத்தில் இறங்கினால் கூரைத் துணியிலிருந்து ஒரு சிட்டிகை எங்கள் தலையில் விழும். கிறிஸ்டோபர் அதை அட்சதை என்பார்.

வயரிங்கில்தான் அவர் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கால வயர் போல பிளாஸ்டிக் இல்லை, மேலே நூல் பின்னிய வயர். பச்சை நூலில் சிவப்பு ஓட்டம், கறுப்பில் மஞ்சள் ஓட்டம் என்று வயரிங் படத்தில் அழகாகப் போட்டிருந்தது. நேரில் எல்லாமே எலி நிறம். அன்றைக்கு நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஒரு வயரை எடுத்து முறுக்கைப் பிரித்து உள்நூலைப் பார்த்தேன்.

"இது சிவப்பு இல்ல கிறிஸ்டோபரு, அரக்கு. தோ, இதுதான் சிவப்பு. இத கறுப்புன்னு வெச்சிக்கினியே, இது பாசிப்பச்சை."

"எப்டிக்கா தெரியுது?"

எப்படித் தெரிகிறது என்று எனக்கே தெரியாது. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டு இழை, முடியும்போது புதுப் பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாகப் பிணைப்போம். விரலில் சாம்பல் தொட்டு, இழையோடு இழை வைத்து ஒரு திருகு. நாலாயிரத்துச் சொச்சம் இழை. அந்த விரலுக்கு நாற்பது வயர் ஒரு மத்தியான வேலை. ஒன்றே ஒன்றுதான் தவறிப் பிணைந்துவிட்டது. ஹாரனை அழுத்தினால் ஹாரனும் அடிக்கும், கூரையில் உள்விளக்கும் எரியும். திருத்தப் போன கிறிஸ்டோபரை இவர்தான் தடுத்தார். "இருக்கட்டும்பா, நல்லாதான் இருக்குது" என்றார்.

இதெல்லாம் வண்டி நிற்கும்வரை. ஓட ஆரம்பித்த பிறகு ஒரு சிக்கல் தெரிந்தது.

நம் ரோட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் லாரியின் முதுகுதான் தெரியும். லாரியைத் தாண்டலாமா, எதிரில் ஏதாவது வருகிறதா என்பது வலப்பக்கம் இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் நான்.

"வுடலாமா?" என்பார்.

"வேணாம். வேணாம். இருங்க, ஒரு வேன் வருது. ஆங், வுடுங்க!"

வண்டி சீறிக்கொண்டு தாண்டும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அது எனக்குப் பழகிய இடமும்தான். கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறம். நடுவில் உட்கார்ந்து உடலை நெய்கிறவர் இவர். அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை, நூல் சுமந்து போகும் படகு மாதிரியான அந்த மரத்துண்டை, தள்ளுகிறவள் நான். இரண்டு இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இடம்தான் கோர்வை. என் நாடா போய்க் கட்டையில் ‘டொக்’ என்று முட்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் இவர் இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிப்பார். கேட்காவிட்டால் கை அப்படியே நிற்கும். கல்யாணமான மறுமாதத்திலிருந்து இப்படித்தான். அதில் பேச்சே கிடையாது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் வேலை செய்திருக்கிறோம், வேலைக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை.

வண்டிக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அதிலேயே விழுந்தோம்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வந்தவாசி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். ரோட்டை அடைத்துக்கொண்டு, வைக்கோலை எங்கள் கண்ணாடியில் தூவிக்கொண்டு, கோயில் தேர் மாதிரி போனது. இவர் ஹாரன் அடித்தார். உள்விளக்கு எரிந்தது. டிராக்டர் நகரவில்லை. மறுபடி அடித்தார். விளக்கு எரிந்து அணைந்தது.

"இவன் இன்னா, ரோட்ட வெலைக்கு வாங்கிட்டானா? நகர்றானா பாரு! காது செவிடா இவனுக்கு?"

எனக்கு அவருடைய ரத்த அழுத்தம் ஞாபகம் வந்தது. சமாதானமாக, "வுடுங்க" என்றேன்.

அவனை விட்டுத்தள்ளுங்க என்ற அர்த்தத்தில் சொன்னேன். அவர் வண்டியை விட்டார்.

எதிரில் ஒரு பஸ். நான் கத்தினேனா என்று நினைவில்லை. இவர் பிரேக் மேல் ஏறி நின்றார், அந்தப் பஸ்ஸும் நின்றது. எங்கள் மூக்கு அதன் பம்பரில் முத்தம் கொடுத்தது மாதிரி தொட்டது. அவ்வளவுதான். வளையம் மட்டும் கழன்று ரோட்டில் உருண்டது. கூரையிலிருந்து அட்சதை விழுந்தது.

பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்தார். நேராக என் முகத்துக்கு.

"யம்மோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? எவன் குட்த்தான் உனக்கு லைசென்சு?"

"அந்த டிராக்டருகாரரு வழியே குடுக்கலீங்க" என்றேன்.

"குடுக்கலன்னா? பறந்துடுவியா? வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

"இனிமே பாத்து ஓட்றேங்க."

நான்தான் சொன்னேன். வாயிலிருந்து தானாக வந்தது. இடப்பக்கம் இவர், மனைவியின் கார் ஓட்டலைச் சகித்துக்கொள்கிற ஆள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் இறங்கி வளையத்தை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். "இந்தாம்மா, உன் மூக்குத்தி."

திரும்பி வரும்போது பாலம் வரை வளையத்தை மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். பிறகு அவர் ஆரம்பித்தார்.

"நீ வுடுங்கன்னே."

"நான் அவன வுடுங்கன்னேன்."

"அவன எங்க வுடறது?"

"அவன் போனா போறான், வுட்டுத்தள்ளுங்கன்னேன்."

"அத முழுசா சொல்றதுக்கின்னா?"

"பஸ்ஸு வருது, முழுசா சொல்லிக்கினு இருக்கணுமா?"

"பஸ்ஸு வருதுன்னு தெரிஞ்சுமா வுடுங்கன்னே?"

அன்றிலிருந்து ரோட்டில் அந்த வார்த்தைக்குத் தடை. கீர்த்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு பேரும் கோ, ஸ்டாப்னு சொல்ல வேண்டியதுதானே?" முயன்று பார்த்தோம். ‘கோ’ என்று சொல்லும்போது எனக்குச் சேவல் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் பயம் இல்லை. பஸ் டிரைவர் திட்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாதத்தில் உப்பில்லை என்று திட்டு வாங்கியிருக்கிறேன், குழந்தைக்குச் சளி பிடித்ததற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். நடு ரோட்டில், முன்பின் தெரியாத ஒருவர், என்னைச் சமமான ஆளாக நினைத்துத் திட்டியது அதுதான் முதல் முறை. இது நல்ல சந்தோஷம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷம் என்பது தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் தட்டில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஸ்டியரிங்க வலது பக்கம் மாத்திடலாம்னு கிறிஸ்டோபரு சொல்றான். பழைய ஜீப்போட ஸ்டியரிங் பாக்ஸ் ஒண்ணு கெடைச்சிருக்குதாம். கட் பண்ணி இந்தப் பக்கம் வெச்சிடலாமாம். இன்னா சொல்றே?"

தோசை விளிம்பு கருக ஆரம்பித்திருந்தது. "வுடுங்க" என்றேன்.

ரோட்டில்தான் தடை. வீட்டில் அந்த வார்த்தையை நான் ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்வேன்.

புதன்கிழமை காலை இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஆயில் மாற்ற என்று நினைத்தேன். நான் தறி ஓரம் உட்கார்ந்து கரை நாடாவில் புது ஜரிகை மாட்டிக்கொண்டிருந்தபோது, காலேஜுக்குக் கிளம்பிய கீர்த்தி செருப்பு மாட்டியபடி சொன்னாள்.

"செமல்லம்மா? இன்னிக்கே கட் பண்றாங்களாம். இனிமே நீ டென்ஷன் இல்லாம லெஃப்ட்ல உக்காந்து வேடிக்கை பாத்துக்கினு வரலாம். அப்பா சொன்னாரு, நீதான் ஓகே சொன்னியாம்."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"வுடுங்கன்னு சொன்னியாமே."

நாடாவோடு எழுந்தேன். வெளியே வந்தேன். மூங்கில் மண்டபம் வரை ஓட்டமும் நடையுமாகப் போய், கிளம்பிவிட்ட செவிலிமேடு டவுன் பஸ்ஸைத் தட்டி நிறுத்தி ஏறினேன். கண்டக்டர் என் கையைப் பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன். ஒரு சாண் நீள நாடாவைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் டிக்கெட்டைத் தள்ளி நின்று நீட்டினார்.

உட்கார இடம் கிடைத்தது இடப்பக்க ஜன்னலில்.

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, மறுபடி ஜவுளிக்கடை. இதைத்தான் இனிமேல் பார்த்துக்கொண்டு வர வேண்டும். நன்றாகத்தான் இருக்கும். எல்லாப் பெண்களும் அப்படித்தான் வருகிறார்கள். அதில் எனக்கு என்ன குறை என்று என்னையே கேட்டேன்.

ஓட்ட ஆசையா? இல்லை. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு காலி மனையில் இவர் என்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்ததுண்டு. பத்தடி ஓட்டினேன். பிடிக்கவில்லை. காலும் கையும் ஆளுக்கொரு வேலை செய்ய, நடுவில் நான் யாரோ மாதிரி இருந்தேன். கீர்த்தி, "ட்ரை பண்ணும்மா, நீ பண்ணா இன்ஸ்பிரேஷனா இருக்கும்" என்றாள். யாருக்கும் இன்ஸ்பிரேஷனாக இருக்க எனக்கு ஆசை வரவில்லை.

அப்படியானால் பூக்காரியும் குருக்களும் டிரைவர் என்று நினைக்க வேண்டுமா? அது வேண்டும்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது கீரைக்கு மேல் தாளிப்பு. அடியில் வேறு ஒன்று இருந்தது. பஸ் பெரிய மருத்துவமனைத் திருப்பத்தில் நின்றபோது அதைப் பிடித்தேன். "வுடலாமா?" என்று அவர் கேட்கிறாரே, அது. கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரே, அது. தறியிலும் காத்திருக்கிறார்தான். ஆனால் தறியில் அவர் காத்திருப்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வண்டியில்தான் அதை முதல் முறையாகக் காதால் கேட்டேன். இப்போது ஒரு ஜீப்பின் பாக்ஸ் வந்து அதை மூடப்போகிறது. அதுவும் நானே சொன்னேன் என்று.

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நாடாவைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஷெட்டில் வண்டியின் இடப்பக்கக் கதவு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கிறிஸ்டோபர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் கேஸ் கட்டரோடு, உள்ளே குனிந்திருந்தார். நீல நெருப்பு சீறிக்கொண்டிருந்தது. இவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"வுடுங்க!" என்று கத்தினேன்.

கிறிஸ்டோபர் திரும்பி, "வந்துட்டீங்களாக்கா? தோ, வுட்டுக்கினே இருக்குறேன்" என்று மறுபடி குனிந்தார்.

"ஐயோ, அந்த வுடு இல்ல! நிறுத்து! கிறிஸ்டோபரு, அந்த நெருப்ப அணை!"

நெருப்பு அணைந்தது. நல்லவேளை, வெட்டு எதுவும் விழுந்திருக்கவில்லை.

"நீதானே வுடுங்கன்னே?" என்றார் இவர்.

"நான் அந்த யோசனைய வுடுங்கன்னேன்."

இவர் கிறிஸ்டோபரைப் பார்த்தார். "பாத்தியா? பஸ்ஸு முன்னாடியும் இதே கததான். இதுக்குத்தான் மாத்தறேன்னேன். என்னிக்காவது ரெண்டு பேரும் சேந்து போய்ச் சேந்துடுவோம்."

"அண்ணன் சொல்றதும் நியாயம்தானேக்கா" என்றார் கிறிஸ்டோபர், யார் பக்கமும் சாயாத குரலில்.

நான் அன்றைக்கு முழுசாகச் சொன்னேன். என் வழக்கமில்லை. "மாத்தாதீங்க. எனக்கு இந்தப் பக்கம்தான் வேணும். லெஃப்ட்ல உக்காந்து நான் பாத்திரக்கடைய பாத்துக்கினு வரமாட்டேன்."

"பாத்திரக்கடைக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"நீங்க கோர்வைய ஒத்த ஆளா போடுவீங்களா?"

"அது தறி, நாயகி. இது ரோடு."

"தறில என்னிக்காவது என் கைய நசுக்கியிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். ஒருமுறை நசுக்கியிருக்கிறார், கீர்த்தி வயிற்றில் இருந்தபோது. எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கு இல்லை போல, நானும் சொல்லவில்லை.

"இல்ல" என்றார்.

"ஏன்? அங்க பேச்சு இல்ல. இதோ, இதான் பேசும்." நாடாவை நீட்டினேன். "இது தட்டினா போங்க. தட்டலன்னா போகாதீங்க. அவ்ளோதான். நான் வாயால இன்னா சொன்னாலும் காதுல வாங்காதீங்க."

"அதுதான் இருவத்ரெண்டு வருஷமா..." என்று கிறிஸ்டோபர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து இருமினார்.

இவர் நாடாவை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தினமும் பார்க்கிற நாடா. புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

"வந்தவாசி ரோடு. போயிட்டு வருவோம்" என்றேன். "ஒரே ஒருதரம் உங்களுக்குப் பயமா இருந்தா, வந்து வெட்டிக்குங்க. நானே டார்ச் அடிக்கிறேன்."

கதவை மாட்ட அரைமணி நேரம் ஆனது. சாட்சிக்கு கிறிஸ்டோபரைப் பின்னால் ஏற்றினோம். "எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டே ஏறி, சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று, முன்னால் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் ஒருமுறை எட்டித் தொட்டுக்கொண்டார்.

பாலத்தில் முதலில் ஒரு ஷேர் ஆட்டோ. எதிரே பார்த்தேன். காலி. நாடாவால் என் பக்கத்துக் கதவின் வெளித்தகட்டில் தட்டினேன். ‘டங்.’

"பெயிண்ட்டுக்கா!" என்று பின்னால் ஒரு முனகல்.

வண்டி தாண்டியது. அடுத்தது ஒரு குட்டியானை லோடு வண்டி. எதிரே ஒரு லாரி, அதன் பின்னால் இரண்டு பைக். நான் தட்டவில்லை. இவர் பின்னாலேயே போனார். இரண்டாவது பைக் கடந்த நொடியில் ‘டங்.’ தாண்டினோம். மூன்றாவது, நான்காவது. மெதுவாக எனக்குப் புரிந்தது, நான் ரோட்டைப் பார்க்கவில்லை, இழையைப் பார்க்கிறேன். எதிர் வண்டி ஒன்று போனது, அடுத்தது எப்போது வரும், நடுவில் எவ்வளவு இடம். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தறியில் உட்கார்ந்திருக்கும்போது தோள் எப்படித் தளர்ந்திருக்குமோ அப்படி இருந்தது.

அப்புறம் அந்த டிராக்டர்.

அதே டிராக்டர்தானா என்று சத்தியம் செய்யமாட்டேன். அதே வைக்கோல், அதே தேர் நடை. இவர் ஹாரன் அடித்தார், உள்விளக்கு எரிந்தது. டிராக்டர் நகரவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது.

"இவன் இன்னா..." என்று ஆரம்பித்தார்.

"வுடுங்க" என்றேன். வாய் கேட்கவில்லை, என்ன செய்வது.

பின்னால் கிறிஸ்டோபர் "ஏசுவே" என்றார்.

வண்டி விலகவில்லை. அதே வேகத்தில், வைக்கோலை வாங்கிக்கொண்டு, டிராக்டரின் பின்னாலேயே போனது. ஸ்டியரிங் மேல் இவர் கை நின்றிருந்தது. வளைவு ஒன்று வந்தது. அதிலிருந்து ஒரு வேன் வந்து போனது. ஒரு சைக்கிள். பிறகு நீளமாக ரோடு திறந்தது, புளியமரம் வரைக்கும் ஒன்றும் இல்லை. நான் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தேன். ஐந்து விநாடி இருக்கும். தேவைக்காக இல்லை. அந்தக் கை நிற்பதைப் பார்ப்பதற்காக.

‘டங்.’

தாண்டினோம். டிராக்டர்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார், நல்ல மனுஷன்தான் போல. கூரையிலிருந்து ஒரு சிட்டிகை உமி என் மடியில் விழுந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகு இவர் சொன்னார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே: "கிறிஸ்டோபரு, அந்த ஜீப்பு பாக்ஸ திருப்பிக் குடுத்துடு."

"அப்ப மாத்தலியாண்ணே?"

"கோர்வைக்கு ஆளு இருக்குதுல்ல."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் என் பக்கத்து ஜன்னலில் பாத்திரக்கடை இல்லை, எதிரே வருகிற ரோடுதான் இருந்தது. அதில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

தூரத்திலேயே தெரிந்தது, அதே பஸ்தான். டிரைவரும் எங்கள் மூக்குத்தியை அடையாளம் கண்டிருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, ஜன்னலில் முழங்கையை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும் பெரிய சிரிப்பாகச் சிரித்தார்.

"இன்னாம்மா! இன்னிக்கு ஒழுங்கா ஓட்றியே!"

பெரிய மனிதர் பாராட்டுகிறார், மரியாதை செய்ய வேண்டாமா? நாடாவை மடியில் போட்டேன். இரண்டு கையையும் எடுத்து, நெஞ்சுக்கு நேராகக் கூப்பி, நன்றாகக் கும்பிட்டேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. கண் என் கையிலிருந்து எங்கள் முன்சக்கரத்துக்குப் போயிற்று, மறுபடி என் கைக்கு வந்தது. வாய் திறந்தது. எங்கள் வண்டி நூல் பிடித்தது போல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் கையை இறக்கவில்லை.

"அக்கா" என்று பின்னாலிருந்து கிறிஸ்டோபர் கெஞ்சினார். "கைய எறக்குக்கா. அந்த ஆளு ஸ்டியரிங்க வுட்டுடப் போறாரு."